இரட்டை மஞ்சள் கோட்டில் யார் ஓட்டுநர்?

வலது கண்ணில் புரை எடுத்த மறுநாள் கிளினிக்கில் கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். ஓட்டை ஓட்டையாக இருந்த ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கண்மேல் ஒட்டி, காடி ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மனைவிதான் ஓட்டினாள். அவள் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்த காலமெல்லாம் தினமும் கடல் பாலம் தாண்டி ஓட்டிப் போனவள். ஆனாலும் இருவரும் சேர்ந்து கிளம்பினால் ஸ்டியரிங் என்னுடையதாகவே இருந்தது. ஏன் என்று நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அன்று இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, ஒற்றைக் கண்ணால் ஜார்ஜ்டவுனைப் பார்த்தபடி வந்தபோது, எனக்கு ஏதோ வேறு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

லிட்டில் இந்தியாவை நெருங்கும்போது அவள் காடியை ஓரமாக நிறுத்தி மருந்துப் பையைத் துழாவினாள்.

"கண்ணுக்கு விடுற மருந்துல ஒண்ணு இல்லீங்க. எதிர்க்க இருக்கற பாமசியில கேட்டுட்டு வந்துடறேன். ரெண்டே நிமிசம், உக்காந்திருங்க."

ஓரத்தில், வண்டி வைக்கக்கூடாது என்பதற்கான இரட்டை மஞ்சள் கோடு. அவள் இன்ஜினை அணைக்காமல், டபல் சிக்னலைப் போட்டுவிட்டு, சாலையைக் கடந்து போனாள். சிறிது நேரத்தில் மாநகர் மன்றத்தின் சீருடை அணிந்த மலாய்ப் பெண்ணொருத்தி வந்து கண்ணாடியைத் தட்டினாள். நான் கண்ணாடியை இறக்கினேன். பேச்சு மலாயில் நடந்தது; என்னை என்சிக், அதாவது ஐயா, என்று மரியாதையாக அழைத்தாள்.

"என்சிக், நீங்கள்தான் ஓட்டுநரா?"

"இல்லை. ஓட்டுநர் மருந்து வாங்கப் போயிருக்கிறார்."

"அப்படியென்றால் காடியை இங்கே வைத்துவிட்டுப் போய்விட்டார்."

"வைக்கவில்லை. நின்றுகொண்டிருக்கிறது. இன்ஜின் ஓடுகிறது பாருங்கள்."

நான் ஓய்வு பெறும் வரை இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழிப் பாடம் நடத்தியவன். பெர்ஹென்தி என்றால் நிற்பது, லெத்தாக் என்றால் வைப்பது. புத்தகத்தை மேசைமேல் வைக்கலாம். உள்ளே ஒரு மனிதன் ஏர்கோனில் உட்கார்ந்திருக்கும் காடியை வைத்துவிட்டதாக எப்படிச் சொல்வது? இதை அவளிடம் விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"ஆளை ஏற்றவோ இறக்கவோ நிறுத்தினால்தான் அது நிற்பது, என்சிக். ஓட்டுநரே இறங்கிப் போய்விட்டால் அது வைப்பது."

"ஓட்டுநரும் ஆள்தானே? அவர் இறங்கினார். அப்படியானால் ஆளை இறக்கியதுதானே?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "ஓட்டுநர் தன்னைத்தானே இறக்கிவிட முடியாது" என்றாள். பிறகு, அதைச் சொன்னது சரிதானா என்று தனக்கே சந்தேகம் வந்தவள்போல, "உள்ளே ஓட்டுநர் இருந்தால் காடியை எடுக்கச் சொல்லியிருப்பேன். இல்லையே, அதனால்தான் சீட்டு எழுதுகிறேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

ஓட்டுநர் இருந்தால் போதுமா? நான் பெல்ட்டைக் கழற்றி, கியரைத் தாண்டி, முட்டியை இடித்துக்கொண்டு வலப்பக்க இருக்கைக்கு மாறினேன். இந்த வயதில் செய்கிற காரியமில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தேன்.

"இப்போது ஓட்டுநர் இருக்கிறார்."

அப்போதுதான் அவள் என் வலது கண்ணைப் பார்த்தாள்.

"காடியை எடுங்கள், பார்க்கலாம்."

"எடுக்க முடியாது. டாக்டர் ஓட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்."

"அப்படியென்றால் நீங்கள் ஓட்டுநர் இல்லை."

"இந்த இருக்கையில்தானே உட்கார்ந்திருக்கிறேன்?"

"அங்கே உட்கார்ந்தால், ஓடுகிற இன்ஜினோடு காடி உங்கள் பொறுப்பில் இருப்பதாக ஆகிவிடும். இந்தக் கண்ணோடு அது வேறு குற்றமாக இருக்கலாம். அதைப் போலீஸ்தான் பார்க்கும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தயவுசெய்து அந்தப் பக்கமே போய்விடுங்கள், என்சிக்."

மறுபடியும் கியரைத் தாண்டினேன். அவள் கொம்பவுன் என்கிற அபராதச் சீட்டை அச்சடித்து வைப்பருக்கு அடியில் செருகிவிட்டு, கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போனாள். மனைவி மருந்தோடு வந்து சீட்டை எடுத்துப் படித்தாள். என் முகத்தைப் பார்த்தாள். காடியை எடுத்தாள்.

வீட்டில் அந்தச் சீட்டை இடது கண்ணால் திரும்பத் திரும்பப் படித்தேன். பெமிலிக் அல்லது பெமாண்டு என்று அச்சிட்டிருந்தது. உரிமையாளர் அல்லது ஓட்டுநர். காடி எங்கள் மகள் பெயரில் இருக்கிறது. அவள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள். அப்படியானால் குற்றம் செய்தது யார்? ஜொகூரில் மேசைமுன் உட்கார்ந்திருந்தவளா, பாமசியில் நின்றவளா, இரண்டு இருக்கைக்கும் ஏறி இறங்கிய நானா? அதைவிடக் குழப்பமாக, எந்த இடத்திலும் என்னைக் குற்றவாளி என்றே சொல்லவில்லை. உங்களுக்கு ஒரு தவாரான் அளிக்கப்படுகிறது என்றிருந்தது. பேரங்காடியில் மலிவு விற்பனைக்குப் போடுகிற அதே சொல். சலுகை. வாய்ப்பு.

மகளைப் போனில் கூப்பிட்டேன். "கட்டிடுங்கப்பா" என்றாள்.

"கட்டுனா நீ தப்பு பண்ணுனதா ஆகுமா?"

"நான் ஜொகூர்ல இருக்கேன்பா. நான் என்ன பண்ணுனேன்?"

"அதான் எனக்கும் தெரியல."

கண்மூடியை எடுத்த வாரம் நானும் மனைவியும் மாநகர் மன்றத்தின் கவுண்டருக்குப் போனோம். கவுண்டரில் இருந்தவர் நம் தமிழ்ப் பெண். என் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன்.

"ஐயா, கொம்பவுன் வேற, சம்மன் வேற" என்றார் அவர். "இது கோர்ட்டுக்குப் போகாம முடிச்சுக்கறதுக்கு மன்றம் குடுக்கற வாய்ப்பு. கட்டுனா விஷயம் முடிஞ்சிது. கட்டலன்னா கோர்ட்டுக்குப் போகும். அங்க வேணும்னா பேசிக்கலாம்லா."

"கட்டுனா குத்தத்த ஒத்துக்கிட்டதா ஆகுமா?"

"குத்தவாளின்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"அப்ப குத்தமே இல்லையா?"

"அப்படியும் சொல்ல முடியாது, ஐயா."

"சரி, குறைக்கச் சொல்லி எழுதிக் குடுத்தா? ஓட்டுநர் காடியில இருந்தார்னு எழுதணுமா, இல்லன்னு எழுதணுமா?"

"இருந்தாரா?"

நான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. மனைவி என்னை மெல்ல ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள்.

"ஓட்டுனது நான்தான்மா. மருந்து வாங்க எறங்குனேன். இவருக்குக் கண்ணு ஆபரேசன். முடிஞ்ச அளவு கொறச்சுக் குடுங்க."

கிளினிக் சீட்டை நீட்டினாள். அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டு வந்து, தொகையைக் குறைத்துக் கொடுத்தார். நான் எழுதிப் போயிருந்த கேள்விகளில் பாதிக்குமேல் மிச்சமிருந்தன.

வெளியே ஒரு கடையில் தேத்தாரே டீ குடிக்க உட்கார்ந்தோம். நான் இன்னும் அதிலேயே இருந்தேன். "உக்காந்திருக்கறவன் ஓட்டுநரா இல்லையான்னு கேட்டா, ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல பாரு."

அவள் கிளாஸை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "என்கிட்ட எத்தன தடவ கேட்டிருக்காங்க தெரியுமா?"

"உன்கிட்டயா? எப்ப?"

"மக பொறக்கறதுக்கு முன்ன. ரெண்டு நிமிசம்னு புத்தகக் கடைக்குள்ள போவீங்க. நான் காடியில இருப்பேன். சீருடையப் பாத்தாலே எந்திரிச்சி டிரைவர் சீட்டுக்கு மாறிடுவேன். ஓட்டுநரான்னு கேப்பாங்க. ஆமாம்பேன். போயிடுவாங்க."

"உனக்கு அப்ப லைசெனே இல்லியே!"

"யாரு கேட்டா?" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "ஒரு தடவ மட்டும் போலீஸ்காரர் போகல. எடுங்கன்னு சொல்லிட்டு அங்கயே நின்னாரு."

"அப்புறம்?"

"எடுத்தேன்."

அப்போது எங்களிடம் இருந்தது கிளட்ச் வைத்த பழைய காடி. நான் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது தவிர அவளுக்கு ஒன்றும் தெரியாது. முதல் கியரிலேயே போனதாகச் சொன்னாள். வலப்பக்கம் திரும்பப் பயம். அதனால் வழி கிடைத்த இடத்திலெல்லாம் இடப்பக்கமே திரும்பினாளாம். அழுதுகொண்டே ஓட்டினாளாம்.

எனக்கு ஒரு நாள் ஞாபகம் வந்தது. புத்தகக் கடையிலிருந்து வெளியே வந்தபோது காடி முதலில் விட்ட இடத்தில் இல்லாமல் பல கடைகள் தள்ளி நின்றது. "இங்கயா விட்டேன்?" என்று கேட்டேன். "ஆமா" என்றாள். இந்த வயதிலேயே எனக்கு மறதி வந்துவிட்டதே என்று பல நாள் கவலைப்பட்டேன்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா திட்டுவீங்க. அதுக்கு அடுத்த மாசம்தான ஓட்டக் கத்துக்கணும்னு கேட்டேன்? என்ன திடீர்னு, அப்படின்னு கேட்டீங்க."

கோபப்படுவதா, மன்னிப்புக் கேட்பதா, சிரிப்பதா என்று விளங்கவில்லை. என்னென்னவோ கேட்க நினைத்தும் வாயில் வந்தது ஒரே கேள்விதான்.

"எந்த வழியா சுத்தி வந்தே?"

"தெரியல. ஒரு எடத்துல கடல் தெரிஞ்சிது."

மேசைமேல் விரலால் கோடு போட்டுப் பார்த்தேன். அந்தப் புத்தகக் கடையிலிருந்து இடது, மறுபடி இடது. கடல் தெரிந்தால் அது துறைமுகச் சாலையாக இருக்க வேண்டும். ஆனால் இடப்பக்கமே திரும்பிக்கொண்டிருந்தால் கடல் வராது. வந்தாலும், அந்த ஒருவழிச் சாலைகளில் வலப்பக்கம் திரும்பாமல் அந்தக் கடைக்குத் திரும்பி வரவே முடியாது. அவளிடம் அதைச் சொன்னேன்.

"வந்தேனே" என்றாள்.

இன்னொரு முறை கோடு போட்டேன். கோடு புத்தகக் கடைக்குத் திரும்பி வரவில்லை.