பன்னி சுமக்க வாங்கிய சைக்கிள்

என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கியும் கிடையாது, லைசன்சும் கிடையாது. இரண்டும் இருந்தது அவருடைய மச்சானிடம், அதாவது என் நாத்தனார் கணவரிடம். ஈப்போவுக்கு வெளியே பழைய கித்தாத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டிருந்தார்கள். கன்றுகளைக் காட்டுப்பன்னி தோண்டித் தின்கிறது என்று மானேஜர் மச்சானைச் சுட வரச் சொல்லியிருந்தார். சுடுவது மச்சான் வேலை. செத்ததைத் தூக்கி வர ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். இவரோ, “நான் வேட்டைக்குப் போறேன்” என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

“மோட்டார் சத்தம் கேட்டா பன்னி ஓடிரும். சைக்கிள்னா தொல்லை இல்ல” என்று மச்சான் ஏதோ பேச்சுக்குச் சொல்லிவைத்தார். மறுநாளே நாங்கள் சைக்கிள் கடையில் நின்றோம்.

கடைக்காரச் சீனர் தமிழர்கள் நடுவிலேயே கடை வைத்திருப்பவர். நம்மைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். என் வீட்டுக்காரர் மவுண்டன் பைக் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார். டயர் அகலம் போதுமா, டிஸ்க் பிரேக் மழையில் பிடிக்குமா, முன் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கும் என்று பந்தயக்காரர் மாதிரி கேள்விகள். இவர் சைக்கிள் மிதித்து நான் பார்த்ததே இல்லை. எங்களுக்குக் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

“எதுக்கு போஸ் சைக்கிள்?” என்றார் கடைக்காரர். கடைக்கு வருகிற எல்லாரும் அவருக்கு போஸ், அதாவது முதலாளிதான்.

“காட்டுப்பன்னி ஏத்திட்டு வர.”

கடைக்காரத் தவுக்கே இவர் வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “போஸ் ஏறினாலே லோட் ஃபுல் லா. பன்னிய எங்க வைப்பீங்க?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இவர் கோபத்தில் ஒரு சைக்கிளை வாங்கி, கடையில் இருந்ததிலேயே பெரிய கேரியரை அதில் பூட்டச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் மணியைக் கழற்றினார். சைக்கிள் பன்னியின் கண்ணுக்குத் தெரியக் கூடாதாம். பட்டாளத்து உடுப்பு மாதிரி பச்சையும் பழுப்புமாக இருக்கும் டேப்பை ஃபிரேம், ஹேண்டில், கேரியர் என்று எல்லாவற்றிலும் சுற்றினார். வீட்டில் அவர் ஒரு பல்பு மாற்றி நான் பார்த்ததில்லை.

விடிகாலையில் என் காரில் போனோம். பின் இருக்கையை மடக்கி, சைக்கிளின் முன் சக்கரத்தைக் கழற்றி உள்ளே திணித்திருந்தோம். தோட்டத்து வாசலில் காரோடு நான் நின்றுகொண்டேன். மச்சான் துப்பாக்கியோடு நடந்தார். இவர் பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மண் இளகிக் கிடந்ததால் ஏறி மிதிக்க முடியவில்லையாம்.

வெகுநேரம் கழித்து ஒரு வெடிச் சத்தம். அப்புறம் போன் வந்தது.

“பன்னி விழுந்திருச்சு” என்றார் இவர். குரல் செத்துப் போயிருந்தது.

“அப்புறம் என்னா?”

“சைக்கிளக் காணோம்.”

பன்னியை நெருங்கும்போது சத்தம் வேண்டாமென்று சைக்கிளை ஒரு செம்பனையில் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார். எந்தச் செம்பனை என்று தெரியவில்லை. அங்கே எல்லா மரமும் ஒரே உயரம், எல்லா வரிசையும் ஒரே வரிசை. வாசலில் காவல் இருந்த ஜாகா அண்ணனைக் கூட்டிக்கொண்டு நானும் உள்ளே போனேன். அவருடைய நாய் முன்னால் ஓடியது. மூன்று பேரும் ஆளுக்கொரு வரிசையாகத் தேடினோம். மச்சான் மட்டும் பன்னி பக்கத்தில் உட்கார்ந்து, “பன்னியக் கண்டுபிடிச்சாச்சு, இப்ப வேட்டை சைக்கிளுக்கா?” என்று சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நாய் ஒரு செம்பனை ஓரம் நின்று காலைத் தூக்கியது. இலையில் விழ வேண்டியது இரும்பில் விழுகிற சத்தம் கேட்டது. “அதான்! அதான்!” என்று இவர் ஓடினார். பிள்ளை பிறந்தபோதுகூட அப்படி ஓடி வரவில்லை.

பன்னியைக் கேரியரில் ஏற்றினார்கள். முன் சக்கரம் மேலே எழும்பியது. இவர் ஹேண்டிலை அமுக்க, பன்னி பின்னால் சரிந்து மண்ணில் விழுந்தது. இரண்டு தரம் அப்படி ஆனதும் ஜாகா அண்ணன் போய்த் தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டு வந்தார். படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு பன்னி வாசலுக்கு வந்துவிட்டது.

வாசலில்தான் அடுத்த வம்பு. காரில் பன்னியை வைத்தால் சைக்கிளுக்கு இடமில்லை.

“பன்னிய விட்டுட்டு வர முடியுமா?” என்றார் மச்சான்.

ஆகவே என் வீட்டுக்காரர் ஈப்போவுக்குச் சைக்கிளில் வந்தார். பெரிய ரோட்டில் ஏறியதும், அதே பட்டாளத்துப் பச்சையில் சட்டையும் சைக்கிளுமாக இருந்தவரை லோரிக்காரர்களுக்குத் தெரியவே இல்லை. ஒரு லோரி உரசுகிற மாதிரி போனது. இறங்கி நின்று எனக்குப் போன் செய்தார். பயந்திருந்தார். முன்னால் போய்க்கொண்டிருந்த நான் காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன். அதன்பின் வழி முழுக்க நான் சிக்னல் விளக்கைப் போட்டுக்கொண்டு அவர் பின்னாலேயே ஊர்ந்தேன். பக்கத்தில் மச்சான் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு வந்தார்.

சாயந்திரம் சொந்தக்காரர்கள் எல்லாரும் கறிக்கு வந்தார்கள். இவர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, “சைக்கிள் மட்டும் இல்லன்னா இன்னைக்கு ஒண்ணும் நடந்திருக்காது” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். நான் இவர் தட்டில் இன்னும் இரண்டு துண்டு வைத்தேன். வாய் நிறைந்திருந்தால் கொஞ்ச நேரமாவது பேச மாட்டார்.