மெற்றில்டா அன்ரி திறந்துவிட்ட வீடு

மெற்றில்டா அன்ரி எங்களை விட்டுப் போய்விட்டார் என்று அவருடைய மகள் அழைத்துச் சொன்னபோது, நான் இங்கே டண்டினொங்கில் வேலை செய்யும் களஞ்சியசாலையில் நின்றேன். போனை வைத்துவிட்டுப் பெட்டிகளை ஏற்றப் பார்த்தேன், முடியவில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்ததும் பற்றிஸ் பலகாரத் தட்டோடு நின்று, "ஒண்டு காணாது, இன்னொண்டு எடுங்கோ" என்று அதட்டுகிற அன்ரியைத்தான் இங்கே கூடியிருக்கும் உங்களுக்குத் தெரியும். எனக்கு அவரைத் தெரிந்தது, நாங்கள் இந்த நாட்டுக்கு வருமுன், வேறொரு ஊரில்.

நோர்வேயின் தென்கரையில் ஒரு சின்னப் பட்டினம் அது. கோடையில் படகு கட்ட இடமிருக்காது. ஐஸ்கிரீம் கடை வரிசை கடல்வரை நீளும். கோடை முடிந்ததும் வெள்ளைப் பலகை வீடுகளைப் பூட்டிவிட்டு உரிமையாளர்கள் நகரத்துக்குப் போய்விடுவார்கள். அந்த வீடுகளின் திறப்புகள், பூட்டுக்கு ஒன்றாக ஒரு வளையத்தில் கோத்து, மன்னாரிலிருந்து வந்த அன்ரியிடம் இருந்தன. குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போய், தண்ணீர்க் குழாய் உறைந்ததா என்று பார்ப்பதுதான் அவருக்குப் பிழைப்பு.

நான் அங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினேன். சீசன் முடிந்ததும் ஹோட்டலைப் பூட்டி, நாங்கள் தங்கியிருந்த அறையையும் எடுத்துக்கொண்டார்கள். மனைவி சுகந்தியின் வயிற்றில் பிள்ளை. ஊரில் பாதி வீடுகள் காலியாகக் கிடந்தன. எங்களுக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. "வீடு சும்மா கிடக்குது, நீங்கள் வெளியில நிக்கிறியள். இதென்ன நியாயம்?" என்று சொல்லி, அன்ரி ஒரு வீட்டைத் திறந்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை. நானோ ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் யன்னலோரம் ஓடிப் பார்ப்பேன்.

ஒரு மத்தியானம் கார் எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. புயலுக்குக் கூரை தாங்கியதா என்று பார்க்க உரிமையாளரே வந்திருந்தார். அன்ரி அப்போது குசினியில் சுகந்திக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"பின்பக்கத்தால ஓடிடுவம், அன்ரி" என்றேன்.

"பிள்ளைத்தாச்சியை இழுத்துக்கொண்டு எங்க ஓடுறது? பேசாமல் கதிரையில இருங்கோ."

தானே போய்க் கதவைத் திறந்தார். "இவர்களை நான்தான் கூட்டி வந்தேன். என்னோடு பேசுங்கள்" என்று நோர்வே மொழியிலேயே சொன்னார். அந்த மனிதர் சுகந்தியைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். கடைசியில், பிள்ளை பிறக்கும்வரை இருக்கலாம் என்றார். பிறகு அன்ரியிடம் கையை நீட்டினார். அன்ரி வளையத்திலிருந்து அந்தத் திறப்பைக் கழற்றிக் கொடுத்தார்.

சின்ன ஊர், கதை பரவிவிட்டது. மற்ற வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து திறப்பைத் திருப்பி வாங்கினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பிள்ளையைப் பார்க்க வந்த அன்ரியிடம், "எங்களாலதானே உங்கட வேலை போனது" என்று அழுதேன். "விசர்க்கதை கதையாமல் பிள்ளையைத் தாங்கோ" என்றார்.

இப்போது இங்கே மல்கிரேவில் எங்கள் வாடகை வீட்டின் பின்னறையில், போக்கிடமில்லாத ஓர் இளம் தம்பதி இருக்கிறார்கள். ஒப்பந்தப்படி அது கூடாது. நாளை வீட்டைப் பார்க்க வீட்டுக்காரரின் ஏஜென்ட் வருகிறார். கண்டால் எங்களையே வீட்டை விட்டு எழும்பச் சொல்லலாம். ஒரு நாளைக்கு அவர்களை எங்கேயாவது அனுப்பிவிடுவோமா என்று கேட்டேன். "கார் வந்து நிக்க, அன்ரி எங்களை அலுமாரிக்குள்ளயோ ஒளிச்சவ?" என்றாள் சுகந்தி.

அன்ரியின் துணிவில் எனக்கு மிஞ்சியது கொஞ்சம்தான். அது காணுமோ தெரியாது. ஆனாலும் நாளை ஏஜென்ட் தட்டும்போது, கதவைத் திறக்க நானே போவேன்.