மாடி ஹாலில் ஒரு போட்டுப் பெட்டி

எனக்குக் கோபம் வந்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்பாள் என் மனைவி. முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியவன் வேறு எப்படிப் பேசுவான்? நான் விசைப்படகு டிரைவர். போட்டு நிற்பது காசிமேட்டில், வீடு திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்தில். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு தடவை ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன். அதுவும் ஸ்டூல் மேலே, கையைத் தூக்கிக்கொண்டு.

போன மீன்பிடித் தடைக்காலம் அது. கடலுக்குப் போகக் கூடாது என்பதால் வீட்டிலேயே கிடந்தேன். எனக்கு ஒரே மகள். ஏழாம் மாசம் வளைகாப்பு முடித்து, பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். வேளச்சேரியில் கட்டிக் கொடுத்ததிலிருந்து அவள் எங்களோடு சேர்ந்தாற்போல் நான்கு நாள் இருந்ததில்லை. இப்போது மூன்று மாசம் இருக்கப் போகிறாள். சந்தோஷத்தில் அவள் ரூமுக்கு நானே சுண்ணாம்பு அடித்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவள் கையோடு வேலையும் வந்தது. ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறாள், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. எங்கள் நெட் பெட்டி கீழ் ஹாலில் இருக்கிறது. அவள் ரூம் மாடியில். நடுவில் நான் கம்பி கம்பியாகப் போட்டுக் கட்டிய காங்கிரீட் தளம். நெட் அதைத் தாண்டி மேலே ஏறவே இல்லை. கீழே வந்து உட்கார்ந்தாலோ ஐஸ் வண்டி, மீன்கூடைச் சண்டை, எல்லாவற்றுக்கும் மேலே என் குரல்.

வந்த வாரமே மூன்று மீட்டிங் பாதியில் அறுந்து போயின. அவளுடைய மேனேஜரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு மணி நேர மீட்டிங். அதுவும் அறுந்தால், நெட் ஒழுங்காக வருகிற இடத்துக்கு அவள் போய்விட வேண்டும். அது எந்த இடம்? மாமியார் வீடு! சம்பந்தியம்மா அன்று சாயங்காலமே போன் செய்தார்கள். "இங்க நெட்டு ரொம்ப நல்லா இருக்குங்க. உங்களுக்குச் சிரமம்னா கூட்டிட்டு வந்து விட்டுடுங்க, பிரசவத்த நாங்களே பாத்துக்கறோம்."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள் பாருங்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாய்வீட்டுப் பிரசவத்தை நெட்டுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று நாளைக்குக் குப்பத்தில் எவன் முகத்தில் விழிப்பது? ஊர் கிடக்கட்டும், எனக்கே தாங்காது.

உடனே கேபிள்காரரைக் கூப்பிட்டேன். என் வயசுக்காரர், பேச்சில் சிக்கனம். சுற்றிப் பார்த்துவிட்டு, "கீழந்து ஒரு ஒயரு இஸ்து மாடி ஹால்ல ஆக்சஸ் பாயின்ட் மாட்டிட்டா வேல முடிஞ்சிச்சிணா" என்றார். சனிக்கிழமை மாட்டியும் கொடுத்தார். சாப்பாட்டுத் தட்டு அளவில் வெள்ளையாக ஒன்று, நெட்டை மாடி முழுக்கப் பரப்புவது, நடுவில் பச்சை விளக்கு. மகள் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, "சூப்பரா வருது நைனா!" என்று கத்தினாள். அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா நான்?

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் பெண்ணும் கோயிலுக்குப் போனார்கள். நான் தனியாக உட்கார்ந்து அந்த வெள்ளைத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே கடல் காற்று நேராக அதன் மூஞ்சியில் அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் உப்புக்காற்றுக்குத் தப்பிய சாமான் கிடையாது. ஜன்னல் கம்பி இரண்டு மழைக்குள் அப்பளமாக நொறுங்கும். பிரிட்ஜை அந்த உப்பு அடிப்பக்கத்திலிருந்து தின்னும். போன டிவி ஒன்றரை வருஷத்தில் செத்தது. அதனால் நாங்கள் எதை வாங்கினாலும் முதலில் மூடுவோம், பிறகுதான் சுவிட்சைப் போடுவோம். இந்தத் தட்டு மட்டும் அம்மணமாக நின்றால் எப்படி?

பரண் மேல் என் பழைய போட்டுப் பெட்டி இருந்தது. போட்டில் ஒயர்லெஸ் செட்டை வைப்பதற்காக நானே சொல்லிச் செய்த அலுமினியப் பெட்டி. மூடியைச் சுற்றி ரப்பர். அலை அடிக்கும்போது திறந்துகொள்ளக் கூடாது என்று மேலே கீல் வைத்துத் தொங்குகிற மூடிக்கு ஸ்பிரிங் வைத்திருந்தேன். கையை எடுத்தால் தானே 'டப்' என்று மூடிக்கொள்ளும். அதைச் சுவரில் ஆறு போல்ட் போட்டு முறுக்கி, தட்டை உள்ளே மாட்டி, ஒயர் போன ஓட்டையைப் பேஸ்ட் வைத்து அடைத்து, போல்டுக்கெல்லாம் கிரீஸும் தடவினேன். புயலே வந்தாலும் இனி ஒன்றும் ஆகாது.

மகள் திரும்பி வந்து பார்த்தாள். "இன்னா நைனா இது? இப்டி மூடி வெச்சா ஒண்ணும் ஆவாதா?"

"முப்பது வருசமா ஒயர்லெஸ் செட்டோட குடும்பம் நடத்திகினு கீறேன். எனக்குத் தெரியாதா? நீ போய்க் குந்து."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்ப்யூட்டரையும் திறக்கவில்லை. என் பேச்சை அப்படியே நம்பினாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மாடி ஹாலில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தவள், "நைனா, நெட்டு இல்ல" என்றாள். குரலே உள்ளே போயிருந்தது. எனக்கு வந்ததே கோபம்! கேபிள்காரருக்குப் போனைப் போட்டுக் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். "இன்னா வாத்தியாரே, ரெண்டு நாளு கூட நிக்காத சாமானை மாட்டி என்னை டபாய்ச்சிட்டியா? எம்பொண்ணு வாழ்க்க அதுல தொங்கிகினு கீது!"

பாவம், மனுஷன் பல் விளக்கிய நுரை வாயோடு ஸ்கூட்டரில் ஓடி வந்தார். கீழ்ப்பெட்டியைப் பார்த்தார், நன்றாக இருந்தது. மாடிக்கு வந்து சுற்றுமுற்றும் தேடினார்.

"நான் மாட்னது எங்கணா?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பெட்டியைக் காட்டினேன். அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார்.

"அண்ணா, உங்க போட்டுல ஒயர்லெஸ்ஸுக்கு ஏரியல் எங்க கீது?"

"வெளிய, கொம்பு உச்சில. இதுகூடவா தெரியாது?"

"இதுக்கு ஏரியல் எங்க கீது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதற்கு ஏரியல் தட்டுக்குள்ளேயே இருக்கிறது. நானோ ஏரியலையும் சேர்த்து அலுமினியத்தில் போட்டு ரப்பர் வைத்து மூடியிருக்கிறேன். அவர் மூடியைத் தூக்கினார். "வந்துச்சி!" என்றாள் மகள். கையை எடுத்தார். டப். "போச்சி!" என்றாள் மகள்.

மணி பத்தாக ஐந்து நிமிஷம் இருந்தது. "கழட்டு, கழட்டு" என்று பறந்தேன். அவர் போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தக் கழட்டவோ உள்ள கீற தட்ட எடுக்கவோ அரமணி ஆவும்ணா, சத்தம் வேற வரும்" என்றார். என் மனைவி மீன்குழம்புக் கரண்டியைக் கொண்டுவந்து மூடிக்கு முட்டுக் கொடுத்தாள். மீட்டிங் ஆரம்பித்து இரண்டாம் நிமிஷம் கரண்டி நழுவி டணார் என்று தரையில் விழுந்தது. கம்ப்யூட்டரிலிருந்து மேனேஜரம்மா, "என்னம்மா சத்தம்?" என்று கேட்பதற்குள் நான் ஸ்டூல் மேல் தாவி ஏறி மூடியைக் கையால் தூக்கிப் பிடித்துவிட்டேன். கேபிள்காரர் தான் பிடிப்பதாக ஜாடை காட்டினார். நான் தலையாட்டி மறுத்தேன். தப்பு செய்தவன் நான், கையும் என்னுடையதாகத்தான் இருக்கட்டும்.

ஐயோ, அந்த ஒரு மணி நேரம்! கடல் நடுவே வின்ச் மெஷின் ரிப்பேராகி வலையைக் கையால் இழுத்திருக்கிறேன். அதுகூட இவ்வளவு வலிக்கவில்லை. முதலில் தோள் எரிந்தது, அப்புறம் முழங்கை, அப்புறம் கை இருக்கிறதா என்றே தெரியவில்லை. போதாக்குறைக்குத் தெருவிலிருந்து ஒருத்தன், "டிரைவரே! யோவ் டிரைவரே! வூட்ல கீறியா?" என்று விடாமல் கூப்பிட்டான். பதில் சொல்ல என் தொண்டை துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கேபிள்காரர் பூனை மாதிரி இறங்கிப் போய் அவனை விரட்டிவிட்டு வந்தார். என் மனைவி ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொண்டு என்னை வாயசைவிலேயே திட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை விடாமல் எனக்குப் புரிந்தது.

மகள் மட்டும் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல் பேசினாள். இங்கிலீஷில் சரளமாக, நடுநடுவே சிரித்து. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் பெருமையாக இருந்தது. நான் மூடியைப் பிடித்த பிறகு ஒரு தடவைகூட அறுபடவில்லை.

பதினொரு மணி ஆகும் நேரத்தில் மேனேஜரம்மா தமிழுக்கு வந்தார். "ரொம்ப நேரமா கேக்கணும்னு இருந்தேன். உன் பின்னாடி லுங்கி கட்டிட்டுக் கையைத் தூக்கிட்டு நிக்கிறாரே, அவர் யாரும்மா?"

கேமராவில் நானும் இருக்கிறேன் என்பதை அப்போதுதான் எல்லோரும் உணர்ந்தோம். மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது உடைந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எங்க அப்பா மேடம். அவரு கைய எடுத்தா நெட்டு போயிடும்."

மேனேஜரம்மா மெதுவாக, "எவ்ளோ நேரம்மா அப்படியே நிப்பாரு?" என்று கேட்டார்.

மகளிடம் கேட்ட கேள்விதான். ஆனால் ஒரு மணி நேரம் அடைத்து வைத்த வாய் என்னுடையது. குப்பம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "பிரசவம் ஆவற வரிக்கும் நிக்கிறேன் மேடம்! எம்பொண்ண மட்டும் அனுப்பச் சொல்லாதீங்க!"

கம்ப்யூட்டருக்குள்ளே யார் யாரோ சிரித்தார்கள். மேனேஜரம்மாவும் சிரித்தார், ஆனால் குரல் கொஞ்சம் கரகரத்தது. "வேண்டாம் சார், முதல்ல அந்தப் பெட்டியைக் கழட்டுங்க. உங்க பொண்ணு அங்கேயே இருக்கட்டும்."

கையை இறக்கப் பார்த்தேன். இறங்கவில்லை. என் மனைவிதான் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு ஏறி, "இனிமே எதையாச்சும் மூடுவியா? மூடுவியா?" என்று அழுதுகொண்டே என் கையைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிக் கீழே கொண்டுவந்தாள்.