தேன் கயிற்றை யார் பிடிப்பது?

காலை 6.50. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் டீ பன்னிரண்டு ரூபாய், வாயில் வைக்க முடியவில்லை. பாதியில் வைத்துவிட்டுக் கல்பாக்கம் பேருந்தில் ஜன்னலோரம் பிடித்தேன். சுவர் டைல்ஸுக்கு டிசைன் போடுவது என் பிழைப்பு. நீலகிரிக் குறும்பர் பழங்குடி ஓவியரான மாதன் வரைந்த ஒரு படத்திலிருந்து, பாறையில் கயிற்றேணி கட்டி இறங்கித் தேன் எடுக்கும் காட்சியை டிசைனாக்கியிருந்தேன். சதுரங்கப்பட்டினத்துக் கடலோர விடுதியொன்றில் அதை ஒட்டியும் ஆகிவிட்டது. மாதன் நேரில் வந்து பார்த்துச் சரியென்றால்தான் அவர் பெயரைப் போடலாம். அடுத்தவர் கைவேலையைப் பெயரில்லாமல் விற்க எனக்கு மனசு வரவில்லை.

திருக்கழுக்குன்றம் பதினாலு கிலோமீட்டர். மலைக்கோயிலைச் சுற்றிக்கொண்டு பேருந்து கிழக்கே திரும்பியதும் காற்றில் உப்பு ஏறியது. டச்சுக் கோட்டையருகே இறங்கி, ஆட்டோவுக்கு அறுபது ரூபாய் கொடுத்தேன்.

9.15. மாதன் எனக்கு முன்பே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு. பக்கத்தில் டைல்ஸ் ஒட்டிய கொத்தனார் தாஸ், உள்ளூர்க்காரர்.

"மேல இருந்தவன் எங்க சார்?" என்றார் மாதன்.

"யாரு?"

"கயித்துக்குக் காவல் நின்னானே, அவன்."

ஒரே காட்சி சுவர் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்து, மேலும் கீழும் இடைவெளியில்லாமல் தொடர வேண்டுமென்று படத்தின் உச்சியை வெட்டியிருந்தேன். சின்ன உருவம்தானே என்று நினைத்ததைச் சொன்னேன்.

"ஒருத்தன் பாறையில இறங்கினா, மேல அவன் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான் நிப்பான். கூடப் பொறந்தவ வாழ்க்கைய அறுத்துவிட அவனுக்கு மனசு வராது பாருங்க. சொந்த அண்ணன் தம்பிய நம்பிக்கூட நாங்க இறங்க மாட்டோம். இங்க பதினாலு கயிறு தொங்குது, ஒண்ணுக்கும் ஆள் இல்ல. இதுல என் பேரப் போடாதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னார். கோட்டின் தடிமனை எல்லாம் அளந்த நான் இதைக் கேட்காமல் விட்டேனே என்று வெட்கமாக இருந்தது. பெயர் போடாமல் திரும்பவும் முடியாது, இதை அப்படியே விடவும் முடியாது.

"டைல்ஸப் பேத்தா அல்லாம் ஒடஞ்சிரும் அண்ணாத்த," என்றார் தாஸ். "மேல ரெண்டடி செவுரு சும்மாத்தான கீது. அங்க வரஞ்சா இன்னா?"

மாதன் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஏணி கேட்டார். பையிலிருந்து வேங்கை மரத்துப் பால் கலந்த பழுப்புச் சாயத்தை எடுத்தார். நான் ஏணியைப் பிடித்தேன். ஒவ்வொரு கயிற்றின் உச்சியிலும் காவலுக்கு ஒருவன் கால் ஊன்றி எழுந்தான். சாப்பாட்டு நேரம் போனதே தெரியவில்லை.

பதின்மூன்று பேர் ஆனதும் இறங்கி, தூரிகையை என்னிடம் நீட்டினார்.

"நீங்க வெட்டினது. ஒருத்தனையாவது நீங்க திருப்பி வைங்க."

"எனக்கு ஏணியில நின்னு வரைஞ்சு பழக்கமில்ல."

"ஏறுங்க. நான் பிடிச்சிருக்கேன்."

ஏறினேன். வலது கோடிக் கயிற்றின் உச்சியில் ஒருவனை வரைந்தேன். நான் இறங்கிய பிறகே மாதன் ஏணியிலிருந்து கையை எடுத்தார். சுவரின் கீழ் மூலையில் குனிந்து தன் பெயரை எழுதினார்.

4.40. மாமல்லபுரம் போகும் பேருந்தில் நிற்கத்தான் இடம். தாம்பரத்தில் என் வீட்டுத் திரைச்சீலையில்கூட ஆதிவாசிகள் வரிசையாக ஆடுகிறார்கள்; விளிம்பில் யாரை வெட்டினார்களோ, கேட்க எனக்கு இதுவரை தோன்றியதில்லை. நீங்கள் அந்தப் பக்கம் போனால் சுவரின் வலது கோடியைப் பாருங்கள். பதினாலாவது ஆள் கோணல், ஒரு கால் குட்டை. கயிற்றை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருக்கிறான்.