குடத்தில் விழுந்த கருப்புக் கோடு

அறுபதாம் கல்யாணப் பேனரில் பெயர்கள் தங்கத்தில் வார்த்ததுபோல மின்ன வேண்டுமாம். “இந்தத் தடவையும் சரியா வரலன்னா வேற கடை பாத்துக்கிறோம் தம்பி” என்று போனில் சொல்லிவிட்டு, அறுபது வயது மாப்பிள்ளையே நேரில் பார்க்க வந்துகொண்டிருந்தார். கம்ப்யூட்டரில் நான் மஞ்சள்மேல் மஞ்சளாக எவ்வளவு பூசியும் எழுத்துகள் ரவா கேசரியாகவே இருந்தன. முந்திரி ஒன்றுதான் குறை.

அவர் எப்போது வந்து நிற்பாரோ என்று வாசலையே பார்த்தேன். இதே பயத்தோடு சின்ன வயதில் பித்தளைக் குடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை அம்மா புளி போட்டுத் தேய்த்து வைத்த குடம். வீடெல்லாம் புளி வாசனை. நான் வாசலுக்கு முதுகைக் காட்டி, கணக்குப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகம் வைத்துப் படிப்பேன். குடத்தின் வயிற்றில் வாசல் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன் நடுவில் கருப்பாக ஒரு கோடு விழுந்தால் அப்பா வந்துவிட்டார். கதைப் புத்தகம் பாய்க்கடியில் போய்விடும்.

“இவனுக்கு முதுகுல கண்ணா?” என்பார் அப்பா.

“கணக்குலதான் இல்ல” என்பாள் அம்மா.

சட்டென்று உறைத்தது. அந்தக் குடத்தில் மஞ்சளா பளபளத்தது? வெள்ளையும் அதை ஒட்டிய கருப்பும்தானே. எழுத்துகளில் வெள்ளைக் கோடு இழுத்து, நடுவில் ஒரு கருப்பும் இழுத்தேன். கேசரி உலோகமானது.

மாப்பிள்ளை வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “தங்கம் தங்கமாத்தான் இருக்கு. நல்ல காரியத்துல நடுவுல என்ன தம்பி கருப்பு?”

பதற்றத்தில் வாய் முந்திக்கொண்டது. “அது எங்கப்பாங்க.”

அவர் என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்பாவை எடுக்கச் சொல்லக் கூடாது. அரக்கு கலர்ல மாத்திடுங்க.”