ஆற்றில் விட்ட பலகை வீடு திரும்பிய விவரம்

எங்கள் அண்ணனுக்கு வருடந்தோறும் நினைவு மலர் போட்டு உறவினர் கையில் கொடுத்து வருகிறோம். இதுவரை அதில் அவருடைய படமும் அம்மன் படமும் குடும்பத்தார் பெயர்களும்தான் இருந்தன. "ஒங்க அண்ணனப் பத்தி நாலு வார்த்த எழுதுங்க தம்பி" என்று அண்ணி ஒவ்வொரு வருடமும் சொல்வார்கள். நானும் பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன். பத்தாவது வரை படித்தவன்தான், எழுதத் தெரியாமல் இல்லை. ஆறிப்போன பேச்சை நாமே கிளறிவிட்டதாக ஆகுமோ, குடும்பத்தார் ஆள் வைத்துக் கதை கட்டினார்கள் என்பார்களோ என்ற சந்தேகம் பல வருடங்களாகக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த வருடம் அம்மனைக் கும்பிட்டுவிட்டு, நடந்ததை மட்டும் எழுதுவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணன் முத்தியால்பேட்டையில் ஒரு மில் தொழிலாளிக்கு மூத்த மகனாகப் பிறந்தார். மில் மூடியபின் அப்பா கிடைத்த வேலைக்கெல்லாம் போனார். அண்ணன் ஐ.டி.ஐ. முடித்த கையோடு தட்டாஞ்சாவடியில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து குடும்பத்தைத் தாங்கினார். பிறகு சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் மெஷின் ஓட்டினார். வெள்ளிக்கிழமை விரதத்தை விட்டதில்லை. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது வேலை போயிற்று. அவர் வேறு வேலை தேடவில்லை. அலுமினியச் சட்டம் வாங்கி, மோட்டார்களைப் பொருத்தி, ஒரு பழைய கம்ப்யூட்டரை இணைத்து, மரத்தில் எழுத்துக் குடையும் சி.என்.சி. ரவுட்டர் ஒன்றை ஹாலிலேயே தாமே கட்டினார். சந்தேகம் வந்தால் போனில் வீடியோ பார்ப்பார், கழற்றுவார், மறுபடி மாட்டுவார். "ஹால்ல கட்டில் போட எடமில்ல. மெஷினுக்கு மட்டும் கல்யாண மேட கணக்கா போட்டு வச்சிருக்காரு" என்று அண்ணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்கள். அண்ணன் சிரித்துக்கொள்வார். வீட்டுப் பெயர்ப் பலகை, கடைப் பலகை, பிரெஞ்சுக்காரர் தெருப் பக்கம் உள்ள விடுதிகளுக்குப் பலகை என்று வேலை வரத் தொடங்கியது.

இங்கே ஒன்றை விளக்கியாக வேண்டும். பலகையை மாட்டுவதற்கான குழியை முதலில் பின்பக்கத்தில் வெட்டுவார். பிறகு திருப்பிப் போட்டு முன்பக்கத்தில் எழுத்து வெட்டுவார். இரண்டு பக்கமும் இம்மி பிசகாமல் பொருந்த, மெஷினுக்கு ஒரு தொடக்க இடம் வேண்டும். அதற்காகப் பின்பக்கத்தின் நடுவில் ஒரு வட்டமும், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடும், பக்கத்தில் சிறு துளைகளும் இருக்கும். அந்த இடத்தை அவர் ஜீரோ என்பார். புது வண்டிக்குப் பொட்டு வைப்பதுபோல, அந்த ஜீரோவில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் மோட்டாரைப் போடுவார். அவர் செய்த எல்லாப் பலகைக்குப் பின்னாலும் இது இருக்கும். சுவரில் மாட்டியபின் யாருக்கும் தெரியாது.

எங்கள் பெரியப்பா மகள், எங்களுக்கு அக்கா, புது வீடு கட்டியபோது அண்ணன் ஒரு தேக்குப் பலகை செய்து கொடுத்தார். வீட்டுப் பெயர் பெரிதாக, அதன்கீழ் கதவு எண்ணும் தெருப் பெயரும். குடிபோன சில மாதத்தில் அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, மாடிப்படியில் வழுக்கிக் கையை உடைத்துக்கொண்டார். ஆழ்துளைக் கிணறு வற்றியது. தீபாவளிக்கு முன் பெயிண்ட் அடிக்க வந்தவர் பலகையைக் கழற்றினார். திருப்பிப் பார்த்தவர், "அக்கா, இது இன்னா அக்கா? யாரோ மந்திர எந்திரம் கீறி மஞ்சக் குங்குமம் தடவி வச்சிருக்காங்க" என்று கேட்டுவிட்டார்.

வட்டம், குறுக்குக் கோடு, துளை, மஞ்சள் குங்குமம். பார்த்தால் செய்வினை என்றுதான் யாருக்கும் தோன்றும். அக்காவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. குறி சொல்லும் அம்மாவிடம் போனார்கள். ஓடுகிற தண்ணீரில் விடச் சொல்லியிருக்கிறார். நோணாங்குப்பம் பாலத்தண்டை போய்ப் பலகையை ஆற்றில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து தலைமுழுகினார்கள்.

சில நாள் கழித்து, வெளியே போயிருந்தவர்கள் வீடு திரும்பினால், அதே பலகை கேட்டில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறது.

அதன்பின் தெருவில் பேச்சை நிறுத்த யாராலும் முடியவில்லை. ஆற்றில் விட்டும் திரும்பி வந்தது என்றார்கள். தானாக நடந்து வந்தது என்றும் சொன்னார்கள். பலகை வாங்கிய வீடுகளில் ஒவ்வொன்றாகக் கழற்றித் திருப்பிப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் குறி இருந்தது. ஒரு விடுதியை நடத்திய வெள்ளைக்கார அம்மா மட்டும் அதைப் பார்த்து, ரொம்ப அழகாக இருக்கிறது, இதை முன்னாலேயே போட்டுத் தாருங்கள் என்றாராம். நம்மவர்கள் அண்ணன் வீட்டைத் தாண்டும்போது குழந்தைகளை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனார்கள். அண்ணியிடம் பால்காரர்கூடப் பாத்திரத்தைத் தொடாமல் ஊற்றினார். யார் முதலில் கிளப்பியது என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடப்பேன். பெயிண்டரா, பலகைத் தொழிலுக்குப் போட்டியான ஃப்ளெக்ஸ் கடைக்காரரா, சொந்தக்காரரே யாராவதா? இன்றுவரை தெரியாது.

அண்ணனுக்கு வருமானம் போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. தெரு அம்மன் கோயில் வாசலுக்குப் பலகை செய்ய அவர் வேண்டிக்கொண்டு ஒப்புதலும் வாங்கியிருந்தார். அம்மன் பெயரைக் குடைந்து முடித்துக் கமிட்டியிடம் கொடுத்தும் இருந்தார். கமிட்டியார், "இப்ப வாணாம்ப்பா, அப்பறம் பாக்கலாம்" என்று சொல்லி ஒரு ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை. "ஆத்தா பேர எழுதுன கையி, மத்தவங்களுக்குக் கெடுதல் எழுதுமாப்பா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கதவை விரியத் திறந்து, எல்லாரும் வந்து பார்க்கட்டும் என்று மெஷினை ஓட்டினார். கூட்டம் வந்தது. அதுவே வினையாகிப்போனது.

"ஆளு கையே படல பாரு. அது பாட்டுக்கு எழுதுது" என்றார் ஒரு அம்மா.

"கம்ப்யூட்டர் சொல்லுதும்மா, அது கேக்குது" என்றார் அண்ணன்.

"சொல்றது யாருன்னுதான நாங்களும் கேக்கறோம்!"

மாமாவும் வந்திருந்தார். அவர் காலை உள்ளே வைத்ததும் மெஷின் நின்றுவிட்டது. முன்னால் நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"மாமா, ஒயர மிதிச்சிட்டீங்க. பிளக்கு கழண்டுடுச்சு" என்றார் அண்ணன்.

"நான் எங்கய்யா மிதிச்சேன்? என்னப் பாத்துட்டு அதுவா நின்னுச்சு."

சொல்லிவிட்டு வேகமாக வெளியே போய்விட்டார். செருப்பைக்கூட மறந்துவிட்டார். அண்ணி அதை எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள், மாமா அதை வாங்கவே பயந்தார்.

"அந்தக் குறிய தேச்சி எடுத்துடுங்க, இல்லன்னா மஞ்சக் குங்குமமாவது வைக்காதீங்க" என்று நான் கெஞ்சினேன். அண்ணன் சம்மதிக்கவில்லை. "ஒளிச்சா, இத்தினி நாளும் தப்புதான் பண்ணேன்னு ஆயிடும்" என்றார். அதற்குப் பதிலாக, ஜீரோவின் பக்கத்திலேயே 'மெஷின் தொடங்கிய இடம்' என்று சிறு எழுத்தில் வெட்டத் தொடங்கினார். தெருவில் அதையும் விடவில்லை. ஒரு தப்பும் இல்லையென்றால் இவ்வளவு விளக்கம் எதற்கு என்றார்கள்.

அடுத்த மாசி மாதத்தில் மாரடைப்பு வந்து அண்ணன் போய்விட்டார். துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மெஷின் இருந்த ஹாலுக்குள் வராமல் வாசலிலேயே நின்று மாலையைக் கொடுத்தார்கள். "வச்சது வச்சவனுக்கே திரும்பிடுச்சு" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அண்ணி காதிலும் விழுந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவராம்.

"பலக செய்யறவரு வூடு இதானே சார்?"

நான் உள்ளே விடவில்லை. யாராவது வேவு பார்க்க அனுப்பியிருப்பார்களோ என்று நினைத்தேன். "யார் சொல்லி வந்தீங்க?" என்றேன்.

"யாரும் சொல்லல சார். போன வருசம் ஒரு பலக ஆத்துல மெதந்து வந்துச்சு. தேக்கு சார், எங்க முழுகும்? எங்க துடுப்புலதான் வந்து முட்டுச்சு. வூட்டுப் பேரு, தெருவு எல்லாம் எழுதியிருந்துச்சா, யாரோ தெரியாம தொலைச்சிட்டாங்கன்னு வெசாரிச்சிக் கொண்டாந்து அவுங்க கேட்டாண்ட வச்சிட்டுப் போனேன். வூட்டுல ஆளு இல்ல. தண்ணியில ஊறியும் ஒரு எழுத்துகூட அழியல சார். இப்ப வூடு கட்டறேன். எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்."

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

அவரை நேராக அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். மாமா முதலில், "எவ்ளோ குடுத்து இட்டாந்த?" என்று என்னைக் கேட்டார். படகுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாங்க பேசறீங்க? செவப்புத் துணியில சுத்தி, உள்ள எலுமிச்சம்பழம் வச்சிக் கட்டியிருந்தீங்களா இல்லியா? துணி கிழிஞ்சி தொங்குச்சு, நான்தான் அவுத்துப் போட்டேன். யாருக்கோ பிரார்த்தனைன்னு நெனைச்சி, பழத்தத் திரும்பவும் தண்ணியிலயே விட்டேன்."

சிவப்புத் துணியையும் எலுமிச்சம்பழத்தையும் அக்காவும் மாமாவும் வெளியே ஒருவரிடமும் சொன்னதில்லை. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்கள். "தம்பியக் கேட்டிருந்தா சொல்லியிருப்பானே. நான் ஏன்டா கேக்கல?" என்றார்கள். நடந்ததைத் தெருவில் நாங்களே சொல்கிறோம் என்று பிறகு இருவரும் சொன்னார்கள். எத்தனை பேரிடம் சொன்னார்களோ, தெரியாது. கோயில் பலகை இன்னும் கமிட்டி அறையில்தான் இருக்கிறது. இந்த வருடம் அக்காவே வந்து, "எழுதுடா, எனக்காகப் பாக்காத" என்றதால்தான் இதை எழுதுகிறேன்.

அண்ணனின் சேதராப்பட்டு நண்பர் ஹாலுக்குள் வந்து, அந்த மெஷினிலேயே படகுக்காரருக்குப் பலகை செய்து கொடுத்தார். ஜீரோவில் அண்ணி பொட்டு வைத்தார்கள். அந்த நண்பருக்கும், துக்கத்தில் ஹாலுக்குள் வந்து எங்களோடு உட்கார்ந்தவர்களுக்கும், காரியத்துக்கு அடுப்பைப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டாருக்கும், வேலை மெனக்கெட்டு வந்து சாட்சி சொன்ன படகுக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

இந்த மலரைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். இதைப் பிறருக்குச் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடியே சொல்லுங்கள். அக்காவைக் கெட்டவராக்கிச் சொல்லவேண்டாம். படகுக்காரரை அம்மனே அனுப்பினாள் என்றும் சேர்க்கவேண்டாம். என் மனதில் அப்படித்தான் இருக்கிறது, அது என்னோடு இருக்கட்டும். ஒன்றைக் கூட்டிச் சொன்னதில்தான் எங்கள் அண்ணன் மனம் உடைந்து போனார். பலகை ஆற்றில் மிதந்தது; ஒரு நல்ல மனிதர் முகவரியைப் படித்துக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவுதான் நடந்தது.