கூப்பிட்டும் வராத பெண்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் அத்தை வீட்டு இரும்புக் கட்டிலுக்கு அடியில், டிரங்குப் பெட்டிகளுக்குப் பின்னால், ஒரு குழந்தை சுருண்டு படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது. கண்ணாமூச்சி ஆடும்போது அத்தையின் மகள் அங்கேதான் ஒளிவாள். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அவளை இன்னும் சேர்க்கவில்லை.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு கார்மென்ட்ஸில் தைக்கப் போனாள். சாயங்காலம் வந்ததும் மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். தீப்பெட்டி அந்தப் படத்துக்குக் கீழேயே, சின்னக் கைக்கு எட்டும் உயரத்தில் கிடக்கும். தொட்டால் அடி விழும் என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த வீட்டில் இருந்த ஒரே பாதுகாப்பு அதுதான். அதே தெருவில் இருந்த எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருக்குழாயில் தண்ணீர் வருகிறதென்று அத்தை குடத்தோடு போனாள். மகள் தானே மெழுகுவர்த்தி ஏற்றப் பார்த்திருக்கிறாள். கொடியில் தொங்கிய நைலான் புடவை பற்றிக்கொண்டது. கதவு திறந்துதான் இருந்தது. புகையைப் பார்த்து ஓடி வந்தவர்கள் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பதில் இல்லை. வெளியே ஓடிவிட்டாள் என்று நினைத்து எல்லோரும் தெருவில் தேடினார்கள். அத்தையும் தேடினாள். கட்டிலைப் பற்றி நான் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உள்ளே போனார். தீ கட்டில்வரை வரவேயில்லை. புகைதான் வந்திருந்தது. அப்பா தூக்கிவந்த உடம்பில் ஒரு காயம் இல்லை. முடிகூடக் கருகவில்லை.

அத்தை அழவில்லை. அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்ததும் அப்பாவிடம், "அத்தனை பேர் கூப்பிட்டாங்களே, ஏண்ணா வரல?" என்று கேட்டாள். பிறகு அவளே சொன்னாள்: "அடிப்பேன்னு பயந்துட்டா."

அதற்குப் பிறகு அவள் தெருவில் எந்த வீட்டுக்குள் போனாலும் முதலில் தீப்பெட்டியை எடுத்து உயரத்தில் வைப்பாள். அடுப்புக்கு மேல் துணி காய்ந்தால் கேட்காமலே அவிழ்த்துவிடுவாள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. குழந்தைகள் முன்னால் குந்தி உட்கார்ந்து, தமிழிலும் கன்னடத்திலும் ஒரே குரலில் சொல்வாள்: "நெருப்புப் புடிச்சா ஒளியாத. வெளிய ஓடி வந்துடு. யாரும் அடிக்க மாட்டாங்க." பஸ் நம்பர் சொல்வதுபோலச் சொல்வாள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டு நிற்பேன். எனக்கும் அழுகை வந்ததில்லை. வர வேண்டும் என்று சில நாள் காத்திருந்திருக்கிறேன்.

இப்போது அத்தை வைட்ஃபீல்டில் எங்களோடு இருக்கிறாள். என் மகன் தவழ ஆரம்பித்ததுமே எங்கள் கட்டில்களின் அடியை மரப்பலகை வைத்து மூடச் சொன்னாள். மூடினோம். அடுக்ககத்தில் போன மாதம் தீயணைப்பு ஒத்திகை நடந்தது. முன்கூட்டியே சொல்லியிருந்ததால் யாருக்கும் அவசரமில்லை. செல்போனைப் பார்த்தபடி படியிறங்கினார்கள். நான் கீழே வந்தபோது அத்தை என் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே, சாலையோரம் நின்றிருந்தாள். காலில் செருப்பில்லை.

ஒத்திகை மணி நின்றது. எல்லோரும் லிஃப்டுக்குத் திரும்பினார்கள். மகன் இறங்க வேண்டும் என்று நெளிந்தான். முடிந்துவிட்டது, மேலே போகலாம் என்றேன்.

"நீ போ. நாங்க இன்னும் கொஞ்ச நேரம் இங்கயே இருக்கோம்," என்றாள்.

நானும் போகவில்லை. கம்பெனி வண்டிகள் போய்க்கொண்டிருந்த அந்தச் சாலையோரத்தில் மூன்று பேரும் நின்றோம்.